தண்ணீரில் ஒரு எட்டு

ஆடி வெள்ளம் வடிந்ததிலிருந்து ஆற்றில் தென்படுகிற அந்த வாளை மீன் நல்லமுத்துவின் தூண்டிலை ஒரு தடவைகூடக் கடித்ததே இல்லை. இரைக்குப் பதிலாகத் தூண்டில் நுனியில் கட்டி அவர் சுருட்டி இழுக்கிற வெள்ளித் தகட்டின் பின்னாலேயே பரிசல்வரைக்கும் வரும். தகட்டை வெளியே எடுக்காமல், ஓரத்திலேயே தண்ணீருக்குள் எட்டு எழுதுகிற மாதிரி சுழற்றி ஆசை காட்டுவார். அது அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப்போகும். பரிசலைவிட நீளம். பயந்துபோய் ஆற்றில் கை கழுவுவதையே விட்டுவிட்டார்.

மச்சினன் செங்கோடன் இதை நம்பவில்லை. மார்கழியில் ஒருநாள் கூடவே வந்தான். கட்டுச்சோறு தின்ற கையை ஆற்றில் விட்டு அலசியவன், "இப்படித்தானே மாமா எட்டு போடுவீங்க?" என்று சிரித்தபடி சுழற்றினான். அவன் வெள்ளிக்காப்பு தண்ணீருக்குள் மினுங்கியது. அடியிலிருந்து கருப்பாக எழுந்து வந்தது. "கையை எடுடா" என்று நல்லமுத்து கத்தினார்.

இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அது வாயைத் திறந்தது.