கனகிக்கு வந்த மருந்து

"உவள்தான் ஐயா. மருந்தெண்டு தண்ணியை வித்து என்ரை மாட்டைச் சாக்காட்டினவள்."

பஞ்சலிங்கம் விரலை நீட்டிச் சொன்னதும், பொலிஸ் நிலைய வாங்கில் இருந்த உதயகலா எழுந்து நின்றுவிட்டாள். முகநூலில் களவாக மாட்டு மருந்து விற்கிறவள் என்றால் கழுத்தில் தடித்த சங்கிலியும் வாயில் திமிருமாக இருப்பாள் என்றுதான் புத்தூரிலிருந்து வரும் வழியெல்லாம் நினைத்து வந்திருந்தார். இவள் சாயம் போன சட்டையும் ஊசி குத்திய செருப்புமாக நின்றாள். அதற்காக அவருடைய கோபம் ஒரு சொட்டும் குறையவில்லை.

எப்படிக் குறையும்? கனகி ஐந்து மாதச் சினை. வீட்டில் அடுப்பு எரிந்ததே அவளுடைய பாலில்தான். ஊர் மாடுகளுக்கு உடம்பெல்லாம் கட்டி கட்டியாக எழும்பும் அம்மை பரவியபோது, அரசாங்கத் தடுப்பூசி வர இன்னும் ஒரு மாதம் செல்லும் என்று கையை விரித்துவிட்டார்கள். அம்மை அதுவரை படலைக்கு வெளியே காத்துக்கொண்டா நிற்கும்? மனுசன் போனில் தேடித் தேடி இவளைப் பிடித்தார்.

சொன்ன நாளில் மருந்து வந்தது. கொடிகாமத்திலிருந்து பஸ்ஸில், ஐஸ் நிரப்பிய பெட்டியில். மறுநாள் காலை, ஊர் மாடுகளுக்கு ஊசி போடும் ஏரம்பு வந்தார். பஞ்சலிங்கம் கயிற்றை இழுத்துப் பிடிக்க, மனைவி நல்லம்மா திருநீறு பூசிய மருந்துப் போத்தலை இரண்டு கையாலும் ஏந்திவந்து கொடுத்தாள்.

ஊசி போட்டு மூன்று கிழமை செல்ல, கனகியின் கழுத்தில் முதல் கட்டி எழும்பியது. பிறகு பத்து நாள் அவள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றுக் கன்றோடு சேர்த்துப் பின்வளவில் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டு, நேரே பொலிசுக்குப் போய் முறையிட்டார் பஞ்சலிங்கம். ஆளைப் பிடித்துவிட்டோம் என்று இன்றைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

சார்ஜன்ட் பொறுமையாக விளக்கினார். லைசன்ஸ் இல்லாமல் விற்றது குற்றம்தான், ஆனால் அது தண்டத்தோடு போய்விடும். மருந்தே போலி என்று இவர் எழுதிக் கையெழுத்து வைத்தால் கதை வேறு. பிணை கிடைப்பது கஷ்டம், இன்றைக்கே மறியலில் அடைத்துவிடுவார்கள்.

உதயகலா கைகூப்பவில்லை, அழவுமில்லை. முன்பு ஒரு மிருக மருந்துக் கடையில் வேலை செய்தவளாம். கடையை மூடிய பிறகு இந்தத் தொழிலில் இறங்கினாளாம்.

"அண்ணை, களவா வித்தது உண்மை. அதுக்கு என்னைப் பிடிக்கட்டும். ஆனா மருந்து நல்ல மருந்து. அண்டைக்கு அதே தொகுதியிலை எடுத்து மற்ற ஆக்கள் போட்ட ஒன்பது மாடு இண்டைக்கும் உயிரோடை நிக்குது. குளிர் விட்டால்தான் அது வெறும் தண்ணியாப் போகும். நீங்கள் ஃபிரிட்ஜிலைதானே வைச்சனீங்கள்?"

பஞ்சலிங்கத்துக்கு வந்ததே ஆத்திரம். ஃபிரிட்ஜில் வைக்கத் தெரியாதவனா அவர்? ஊரில் அம்மை நிற்கிறபோது வீட்டில் மீன் மச்சம் கூடாது என்று நல்லம்மா தலைப்பாடாய் அடித்தும், மீனில்லாமல் ஒரு பிடி உண்ணாதவர் அவர். அந்த மீன்சட்டியையே ஒரு பக்கம் தள்ளி இடம் பண்ணியல்லவா மருந்தை வைத்தார்.

"என்ரை கையாலை வைச்சனான். கனகியாணை வைச்சனான்."

சார்ஜன்ட் பேனையை அவர் பக்கம் நீட்டினார். உதயகலாவின் குரல் உடைந்துவிட்டது.

"பிள்ளை பள்ளிக்கூடத்தாலை வந்து வாசல்லை நிப்பாள் அண்ணை. வீடு பூட்டிக் கிடக்கு, திறப்பு என்னட்டை. எங்களுக்கு வேறை ஆக்களில்லை."

பேனையைப் பிடித்த கை ஒரு கணம் தயங்கியது உண்மை. ஆனால் கடைசி நாளில் எழும்பமுடியாமல் கிடந்து, தண்ணீர் வாளியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்த கனகியின் கண் ஞாபகத்துக்கு வந்தது. பஞ்சலிங்கம் அழுத்திக் கையெழுத்து வைத்தார். அவர் சைக்கிளை எடுக்கும்போதே உதயகலாவை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது நல்லம்மா வெறும் கொட்டிலில், கனகியின் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கனகி போனதிலிருந்து அவளுக்கு அதுதான் இடம். பஞ்சலிங்கம் அவளுக்குப் பக்கத்தில் குந்தி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல நெஞ்சுப் பாரம் இறங்குவது போலிருந்தது.

"அவளின்ரை கெட்டித்தனத்தைப் பார். நாங்கள்தான் குளிர் விடப் பண்ணிப் பழுதாக்கினமாம். பழியை எங்கடை தலையிலை போடப் பாத்தாள்."

நல்லம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"அவளை விடுங்கோ. நான் அம்மாளை எல்லோ நம்பினன். உங்கடை மீன்சட்டிக்குப் பக்கத்திலை அம்மை மருந்து கிடக்க விட்டுவைப்பனே? நீங்கள் அங்காலை போன கையோடை எடுத்திட்டன்."

"எடுத்து?"

"விடியும்மட்டும் சாமியறை விளக்கடியிலைதான் வைச்சிருந்தனான்."