டர்போ ஆறும் நேரம்

பாலகிருஷ்ணனுக்கு எரிச்சலாக வந்தது. சாயந்திரம் ஆறேகால் மணி. பக்கத்து வீட்டு இலங்கைக்காரர் நிஸ்தாரின் டீசல் பிக்கப் வாசலில் நின்றபடியே உறுமிக்கொண்டிருந்தது. வந்து நின்று பதினைந்து நிமிஷமாச்சு. ஆளும் உள்ளேதான் உட்கார்ந்திருந்தார்.

மதுரை பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் ஃபோர்மேனாக இருந்த மனுஷன் பாலகிருஷ்ணன். இன்ஜினைச் சும்மா ஓடவிடுவதைக் கண்டால் வயிறு எரியும். பேத்தியைப் பார்க்க சிட்னி பென்டில் ஹில்லுக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறது. நாலு நாளும் இதே கூத்து.

இத்தனைக்கும் நிஸ்தார் வண்டி வைத்திருக்கும் அழகில் முதல் நாளே சொக்கிப்போனவர். டிரெய்லரில் குட்டி ஜேசிபியை ஏற்றி இழுக்கிற வண்டி. காலையில் ஆயில் அளவு பார்க்காமல் நிஸ்தார் சாவி போடமாட்டார். டிரெய்லர் கொக்கிக்குக் கிரீஸ், டயருக்குக் காற்று, எல்லாம் கிரமமாக நடக்கும். அப்படிப்பட்ட ஆளுக்குச் சாயந்திரமானால் மட்டும் என்ன கேடு?

"தேஜு, நான் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றேன்."

மாடிப்படியில் நின்றபடி மகள் தேஜஸ்வினி ரகசியக் குரலில் சொன்னாள். "வேண்டாம்ப்பா. இருங்க, நான் சொல்றதை..."

கேட்டால்தானே? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"தம்பி, எதுக்கு இவ்வளவு நேரம் ஓடவிடறீங்க?"

நிஸ்தார் கண்ணாடியை இறக்கினார். "பாரம் இழுத்துட்டு வந்தனான் அங்கிள். டர்போ சூடு, சும்மா ஓடிக் கொஞ்சம் ஆறட்டும்."

"யாருகிட்ட சொல்றீங்க? அதுக்கு மூணு நிமிஷம் போதும். மேல ஓடினா கரி பிடிக்கும், இன்ஜெக்டர் அடைக்கும், டீசலும் தண்டம். இவ்வளவு தெரிஞ்ச நீங்களே வண்டியைக் கொல்றீங்களே."

நிஸ்தார் மாடி ஜன்னலை ஒரு தடவை பார்த்தார்.

"ஓம் அங்கிள். நீங்க சொல்றது சரிதான்."

இன்ஜினை நிறுத்தினார். தெரு அமைதியானது. பாலகிருஷ்ணனுக்குப் பரம திருப்தி.

அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. மாடியில் பேத்தி வீல் என்று அழத் தொடங்கினாள். இரண்டு மாசக் குழந்தை, மூச்சு முட்ட முட்ட அழுகை.

குழந்தையைத் தோளில் போட்டபடி தேஜஸ்வினி வாசலுக்கே வந்துவிட்டாள். தூங்காமல் அவள் கண்கள் வீங்கியிருந்தன.

"ஏம்ப்பா நிறுத்தச் சொன்னீங்க? தாலாட்டு, தொட்டில் எதுக்கும் மசியமாட்டேங்கறா. இந்த இன்ஜின் சத்தத்துக்குத்தான் தூங்கறா. ஒருநாள் நிஸ்தார் அண்ணாகிட்ட வாய்தவறிச் சொல்லிட்டேன். அன்னையிலேர்ந்து வேலை முடிஞ்ச களைப்போட இவர் இப்படி உட்கார்ந்திருக்கார். நீங்க திட்டுவீங்கன்னுதான் சொல்லலை."

பாலகிருஷ்ணன் நிஸ்தார் பக்கம் திரும்பினார்.

"கரி பிடிக்கும்னு தெரிஞ்சேதானா தம்பி?"

"தெரியும் அங்கிள். ஆயிலைக் கொஞ்சம் வெள்ளனவே மாத்துறன். பிள்ளை நித்திரை கொண்டால் தங்கச்சியும் கொஞ்சம் கண் அயரலாம்தானே."

பாலகிருஷ்ணன் வண்டிக் கதவைத் திறந்தார்.

"இறங்குங்க தம்பி. வீட்டுக்குப் போய் முதல்ல சாப்பிடுங்க. ஊருக்குப் போறதுக்குள்ள இன்ஜெக்டரை நானே கழற்றிச் சுத்தம் பண்ணித் தர்றேன்."

டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பினார் ஃபோர்மேன்.

"பாப்பா தூங்கற வரைக்கும் ஓடட்டும்."