பேனரில் ஒரு பி.எஸ்சி.

“பாண்டிமீனா பி.எஸ்சி. யாரும்மா?” என்று கேட்டார் வி.ஏ.ஓ.

பேனரில் இருந்த என் பெயரைத்தான் அவர் விரலால் காட்டினார்.

தங்கை முத்துமீனாவுக்கு அரசு இன்ஜினீயரிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரி அவள்தான் என்று சான்றிதழ் கொடுத்தால், கல்விக் கட்டணத்தை அரசாங்கமே கட்டிவிடும். வீட்டில் ஏற்கெனவே ஒரு பட்டதாரி இருந்தால் கிடையாது. அவளும் என்னோடு அப்பளக் கம்பெனிக்கு வர வேண்டியதுதான்.

அதை விசாரிக்கத்தான் அவர் வந்திருந்தார்.

பேனரைக் காட்டிக்கொடுத்தது, கூட வந்த கிராம உதவியாளர் மொக்கையன். எங்களுக்குச் சொந்தம்தான். ஆனால் அதிகாரி பக்கத்தில் நிற்கும்போது அவருக்குச் சொந்தக்காரர்களை அடையாளம் தெரியாது.

மாமா ராஜபாண்டி தன் மகன் காதுகுத்துக்கு அடித்த பேனர். விழா முடிந்ததும் குளிக்கிற இடத்துக்கு மறைப்பாகக் கட்டிவிட்டோம்.

“வெறும் பேரு மொட்டையா இருந்துச்சு சார். அதான் ஆளுக்கொரு பட்டத்த மாட்டிவிட்டேன்” என்றார் மாமா.

“இத நான் நம்பணுமாக்கும்?”

“நல்லா விசாரிங்க சார். விவரமான குடும்பம்” என்றார் மொக்கையன்.

பெயருக்கு மேலே இருந்த முகத்தையும், அதற்கடுத்த ஆளைப் பெயரோடும் ஓர் ஈரத்துண்டு மறைத்திருந்தது. வெளியாள் வருகிறார் என்றதும் அதை அங்கே போட்டது நான்தான்.

முத்துமீனா என்னைப் பார்த்தாள்.

நான் போய்த் துண்டை உருவினேன்.

இரட்டைச் சடை. சிவப்பு ரிப்பன். ஒன்பதாம் வகுப்பு யூனிபார்ம். நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற வருடம் எடுத்தது. மாமாவிடம் என் படம் அது ஒன்றுதான் இருந்ததாம்.

வி.ஏ.ஓ. படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எந்த காலேஜ்லம்மா ரிப்பன் கட்டச் சொன்னாக?”

எனக்குக் காதெல்லாம் சுட்டது.

அவர் கண் பக்கத்துப் படத்துக்கு நகர்ந்தது. கூலிங் கிளாஸ், கும்பிட்ட கை, காதுவரை சிரிப்பு. கீழே கொட்டை எழுத்தில்: மொக்கையன் எம்.ஏ., பி.எல்.

வி.ஏ.ஓ. சிரித்த சிரிப்பில் பேனரே ஆடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வீட்டுல பட்டதாரி யாரும் இல்ல” என்று வாய்விட்டுச் சொல்லியபடியே எழுதினார்.

“வக்கீல் சார், கெளம்புவமா?” என்று திரும்பினார்.

மொக்கையன் வண்டியை ஸ்டார்ட்கூடச் செய்யாமல் தள்ளிக்கொண்டே, தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தார்.