வெட்டாத முடி

"வாங்க நகூம், உட்காருங்க. முடி உங்களுக்கு ரொம்ப எடுப்பா இருக்கு," என்றான் மாத்தான், ஆலிவ் காய்ப் பீப்பாய்க்குப் பின்னாலிருந்து எழுந்து.

நகூமின் முகம் தொங்கிப்போனது. காலையிலிருந்து பெத்ஷெமேஷ் சந்தை முழுக்க இதே பாட்டுதான். ரொட்டிக்காரன் வாய் நிறையப் புகழ்ந்தான். மீன்காரன் "சிங்கம்" என்றான். நகூமின் அடி எவ்வளவு கனம் என்பது இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

நாளை அவன் மகளுக்குக் கல்யாணம். தோளில் புரளும் இந்தப் பரட்டையோடு மணப்பந்தலில் நிற்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. சலூன் எதிரிலேயே திறந்திருந்தும் அவன் மாத்தானிடம்தான் வந்தான்.

ஒரு காலத்தில் இருவரும் சேர்ந்து வீடு வீடாகப் பியானோ தூக்கியவர்கள். எட்டு வருஷத்துக்கு முன் மாத்தானின் கை வழுக்கி ஒரு அலமாரி உடைந்தது. "நீ எனக்கு வேணாம்டா, தனியாவே தூக்கிக்குவேன்" என்று தெருவே பார்க்க அவனை அறைந்தான் நகூம். இப்போது நினைத்தால் அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

"நல்லாப் பாரு மாத்தான். அசிங்கமா இல்ல?"

"சேச்சே. காசா ஊர்க் கதவையே பேர்த்துத் தோள்ல வச்சுக்கிட்டுப் போனானே அந்தக் காலத்துப் பலசாலி, அவனை மாதிரியே இருக்கீங்க."

"தனியாத்தானே போனான். மறுமுனை பிடிக்க அவனுக்கு ஒருத்தனும் இல்ல." நகூமின் குரல் உடைந்தது. "பழைய மாதிரி பேசுடா."

மாத்தான் குனிந்து பீப்பாயிலிருந்து ஆலிவ் காயை அள்ளினான்.

"பழசெல்லாம் எதுக்குங்க? உங்களை நான் என்ன சொல்லப்போறேன்? நல்லாத்தான் இருக்கு, வெட்டிடாதீங்க." ஒரு பொட்டலம் ஆலிவ் காயை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினான்.

நகூம் அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். ஊருக்குப் புதிதாக வந்திருந்த சலூன்காரர் துண்டை உதறினார்.

"வாங்க சார், பத்தே நிமிஷம்."

"இல்லங்க. எனக்கு இன்னும் வேளை வரல," என்று தலையைக் குனிந்தபடி நடந்தான்.

நகூமின் அப்பா இறந்து ஐந்து மாதமாகிறது. பெற்றவரைப் பறிகொடுத்தவன், "என்னடா இது கோலம், போய் முடி வெட்டு" என்று ஒரு சிநேகிதன் திட்டும்வரை தலையில் கத்தரி வைக்கக் கூடாது என்பது யூதர்களான அவர்கள் வழக்கம். அடக்கத்துக்கு வந்து தள்ளி நின்றுவிட்டுப் போன மாத்தானுக்கும் அது தெரியும்.