நாற்பதாவது பீஸ்

“வீட்ல மாடு எத்தனை இருக்கு?”

இன்டர்வியூவின் முதல் கேள்வியே இதுதான். வந்திருப்பது லேத் கம்பெனிக்கா, மாட்டாஸ்பத்திரிக்கா என்று திம்மராயனுக்கே ஒரு நிமிடம் குழப்பமாகிவிட்டது.

“ரெண்டு பசு, ஒரு எருமைங்க சார்.”

“எருமை எவ்வளவு கறக்கும்?”

“இப்ப சினையா இருக்குதுங்க.”

“சரி, சரி” என்று மேனேஜர் பரமசிவம் அதை ரொம்பப் பொறுப்பாகக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த முதலாளியை ஒரு பார்வை பார்த்தார்.

ஓசூர் தொழிற்பேட்டையில் வாரத்துக்கொரு கம்பெனி முளைத்துக்கொண்டிருந்த எண்பத்தாறாம் வருடம் அது. திம்மராயன் மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே ஐ.டி.ஐ. டர்னர் சர்ட்டிபிகேட், அப்ரண்டிஸ் முடித்த சர்ட்டிபிகேட், எம்ப்ளாய்மென்ட் கார்டு எல்லாம் இருந்தன. அவற்றைத்தான் இதுவரை யாரும் கேட்கவில்லை.

ஒன்பது மணிக்கு இன்டர்வியூ என்று லெட்டரில் போட்டிருந்தது. கெலமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து எட்டேகாலுக்கே வந்துவிட்டான். கூப்பிட்டது பத்தரைக்கு. நடுவில் சும்மாவாவது விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. வாட்ச்மேன் மாரிசாமி, “சும்மா நிக்கறதுக்கு ஒரு கை புடிங்க” என்று டெம்போவில் வந்த இரும்பு ராடுகளை இறக்க வைத்துவிட்டார். கை கழுவ எங்கே போவது என்று கேட்டதற்கு, “அதைத்தாங்க நானும் காத்தால இருந்து தேடறேன்” என்றார்.

என்ன கம்பெனியோ, கர்மமோ. ஆனால் எழுந்து போகவும் வழியில்லை. தளியில் கோஸ் பயிர் வைக்கும் வெங்கடப்பன் மாமா கறாராகச் சொல்லிவிட்டார். தை பிறப்பதற்குள் கம்பெனி வேலை கிடைத்தால் அவர் மகள் ரங்கம்மா அவனுக்கு. இல்லாவிட்டால் பெங்களூரில் ஏற்கெனவே கம்பெனி வேலையில் இருக்கும் ஒருத்தனுக்கு. அவனிடம் ஸ்கூட்டர் வேறு இருக்கிறதாம். தை பிறக்க ஒன்பது நாள்தான் பாக்கி.

மேனேஜர் ஃபேன் போட எழுந்தார். நாலு சுவிட்சைத் தட்டினார். விளக்கு எரிந்தது, அணைந்தது, எங்கேயோ ஒரு பெல் அடித்தது. ஃபேன் மட்டும் சுற்றவில்லை. பெரிய அதிகாரிக்கு சுவிட்ச் எதற்குத் தெரிய வேண்டும், போட்டுக்கொடுக்க ஆள் இருப்பான் என்று திம்மராயன் மரியாதையாக நினைத்துக்கொண்டான்.

“கன்னடம் வருமா?”

“வரும்ங்க. தெலுங்கும் வரும்ங்க.”

“ஜாதகம் இருக்கா?”

“எதுக்குங்க சார்?”

“சும்மா, ஒரு விவரத்துக்கு.”

“சார், லேத்தைப் பத்தி ஒண்ணுமே கேக்கலீங்களே.”

பரமசிவம் மறுபடியும் கண்ணாடிப் பக்கம் பார்த்தார். முதலாளி ஷெட்டைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

“அதெல்லாம் டிரேடு டெஸ்ட்ல. போய் அந்த ராடுல நாற்பது புஷ் வளையம் கடைஞ்சு குடுங்க.”

“டெஸ்ட்டுக்கு ஒண்ணு போதாதுங்களா?”

“முதல் பீஸை யாரு வேணும்னாலும் நல்லாப் போட்டுருவாங்க. நாற்பதாவது பீஸ்லதான் கை தெரியும்.” யாரோ சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்.

ஷெட்டில் ஏழு லேத். ஆறு ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்து லேத்காரனிடம், “அண்ணா, டூல் எங்க இருக்குது?” என்றான் திம்மராயன்.

“தேடிப் பாருங்க, இங்கதான் எங்கயாச்சும் இருக்கும்.” அவன் தலையைக்கூடத் தூக்கவில்லை. வேலை கிடைத்துவிட்டால் திமிரும் கூடவே வந்துவிடும் போலிருக்கிறது என்று திம்மராயன் பொறாமைப்பட்டான்.

மத்தியானம் சாப்பிடப் போகலாமா என்று கேட்டதற்கு, டெஸ்ட்டுக்கு நடுவில் எழுந்தால் மார்க் குறையும் என்று பதில் வந்தது. ரங்கம்மாவை நினைத்துப் பசியை அடக்கிக்கொண்டான். நாலரைக்கு நாற்பதும் அச்சுப் பிசகாமல் முடிந்தது. யாரும் அளந்துகூடப் பார்க்கவில்லை. பெட்டியில் அடுக்கினார்கள், ஆணி அடித்தார்கள், டெம்போவில் ஏற்றிவிட்டார்கள். பரீட்சைப் பேப்பரைத் திருத்தாமல் வெளியூர் பார்ட்டிக்கு அனுப்பி வைக்கிற இடத்தை அவன் அன்றைக்குத்தான் பார்த்தான்.

ஐந்து மணிக்குப் பெல் அடித்தது. திம்மராயன் நேராக மேனேஜர் மேஜைக்குப் போய் நின்றான்.

“சார், எங்க மாமாவுக்கு நான் பதில் சொல்லணுங்க. வேலை உண்டா இல்லையா? உங்க வாயால ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க.”

பரமசிவம் குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“தம்பி, மேனேஜர் வேலைக்கு எனக்கே இன்னிக்குத்தான் இன்டர்வியூ. ஒரு ஆளை இன்டர்வியூ பண்ணிக் காட்டச் சொன்னாங்க. லேத்தைப் பத்தி எனக்கு என்ன தெரியும், அதான் மாட்டைப் பத்திக் கேட்டேன்.”

இருவரும் வெளியே வந்தபோது ஆறு லேத்காரர்களும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவரோடு கேட் அருகே காத்திருந்தார்கள். “எல்லாருக்கும் லெட்டர் போடறோம்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிய முதலாளி, கவரும் கையுமாக நின்ற வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

“கேட்டைப் பூட்டிச் சாவியைக் குடுத்துட்டுப் போப்பா. நாளைக்குக் காத்தால வாட்ச்மேன் இன்டர்வியூவுக்கு வேற ஆளு வராரு.”