சாய்தளத்தில் ஒரு ஸ்கூட்டர்

“அந்த ஸ்கூட்டரை எடுக்கப் போறீங்களா, இல்லையா?”

“எடுக்க மாட்டேங்க.”

ராஜாங்கம் பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. படிப்பகத்துப் படியில் உட்கார்ந்து விளையாட்டுச் செய்தி படித்துக்கொண்டிருந்தார்.

சங்கச் செயலாளர் கலைச்செல்வனுக்கு மூக்கு விடைத்தது. விடைக்காதா பின்னே?

நெய்வேலி நகரியத்தில் அவர்கள் வட்டத்துக் குடியிருப்போர் நலச் சங்கம் இரண்டு வருடம் அலைந்து கட்டிய சாய்தளம் அது. வீல்சேரில் வருகிறவர்களும் படிப்பகத்துக்குள் போக வேண்டும் என்று, படிகளை ஒட்டிக் கட்டியது. ‘மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும்’ என்று மஞ்சள் பெயின்ட்டில் கலைச்செல்வன் தன் கையாலேயே எழுதியிருந்தார். அந்த எழுத்தின் மேல்தான், மைன்ஸில் டம்பர் லாரி ஓட்டி ரிட்டயரான ராஜாங்கம் மூன்று வாரமாகத் தன் பழைய ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்திச் சங்கிலி போட்டுப் பூட்டுகிறார்.

வாக்கிங் போகும்போதெல்லாம் கலைச்செல்வன் அதைப் பார்ப்பார், வயிறெரிவார். படிப்பகத்துக்கு உள்ளே மட்டும் போனதில்லை. சங்கத்தில் யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது.

இன்று சாய்தளத் திறப்பு விழா. அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கிற பாயிஜாதான் முதலில் ஏறப்போகிறவள். சிறு வயதிலிருந்தே அவளுக்கு வீல்சேர்தான். விழாவில் அவளுக்குக் கொடுப்பதற்கென்று புது வீல்சேர் ஒன்று வந்திருந்தது. வாழைமரம், சால்வை, போட்டோகிராபர் எல்லாம் தயார். குறுக்கே ஸ்கூட்டர்.

“அந்தப் பொண்ணு இப்ப வந்து நின்னா என்ன பதில் சொல்லுவீங்க?”

“அது கேட்டா சொல்லிக்கிறேங்க.”

“ஒரு மாற்றுத்திறனாளியோட உரிமைங்க இது! மனசாட்சி வேணாமா?”

“நல்லா பேசறீங்க சார். மேடையிலயும் இப்பிடியே பேசுங்க.”

“இவ்வளவு தைரியம் யார் கொடுத்தது? எந்த யூனியன்?”

“நிறுத்தச் சொன்னவங்க வந்து எடுக்கச் சொன்னா எடுத்துர்றேன்.”

கலைச்செல்வன் பொருளாளர் ஷரீபைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

“பாத்தியா? பின்னால பெரிய ஆள் யாரோ இருக்காங்க. சரி, பாயிஜா எங்க?”

“வூட்டுல கேட்டுட்டு வந்துட்டேண்ணே. காலையிலயே படிப்பகத்துக்குக் கிளம்பிட்டாளாம்.”

“பாவம், வழியில எங்க மாட்டிக்கிச்சோ. விருந்தினர் வர்ற நேரமாச்சு. வண்டியைத் தூக்குங்கப்பா!”

நான்கு பேர் சேர்ந்து ஸ்கூட்டரைச் சங்கிலியோடு அலாக்காகத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். ராஜாங்கம் பேப்பரை மடித்தார்.

“தூக்கிட்டீங்க, சரி. ஆனா யாரும் அந்த ராம்ப்புல ஏறாதீங்க.”

“ஏறக் கூடாதா? விழாவே அதுக்குத்தானே! ஷரீப், ஒரு ஒத்திகை பார்த்துடுவோம். நான் உட்கார்றேன், நீ தள்ளு.”

புது வீல்சேரில் கலைச்செல்வன் நிமிர்ந்து உட்கார்ந்து போட்டோகிராபரைப் பார்த்துச் சிரித்தார். ஷரீப் தள்ளினார். பாதி தூரத்திலேயே அவருக்கு நாக்கு தள்ளிவிட்டது.

“அண்ணே... கொஞ்சம் இறங்கி, மேல போய் ஏறிக்கிறீங்களா?”

“யோவ், இறங்கி நடக்கவா ராம்ப் கட்டினோம்?”

ஷரீபின் செருப்பு வழுக்கியது. அடுத்த நொடி செயலாளர் பின்பக்கமாக, வந்த வழியே புறப்பட்டார். போட்டோகிராபர் விலகிக்கொண்டார். வாழைமரம் விலகவில்லை.

ஓடிவந்து தூக்கிவிட்டவர் ராஜாங்கம்தான்.

“அடி எதுவும் இல்லீங்களே? டம்பர் போற ரோட்டைக்கூட இவ்ளோ செங்குத்தா போட மாட்டாங்க சார். போன மாசம் மீட்டிங்ல இதைத்தான் சொல்ல எழுந்தேன். பொருள் நிரல்ல இல்ல, உட்காருங்கன்னீங்க.”

கலைச்செல்வன் தலையிலிருந்த வாழை இலையை எடுத்துப் போட்டார். அப்போது மேலே படிப்பகத்தின் கதவு திறந்தது.

“கொஞ்சம் மெதுவா சண்டை போடுங்களேன். படிக்க முடியல.”

வாசலில் பாயிஜா. அதே பழைய வீல்சேர், மடியில் விரித்த புத்தகம்.

“நீ... நீ எப்படிம்மா மேல போனே?”

“பின்பக்கமா சார். இந்த ராம்ப்புல நான் விழுந்த மறுநாளே, ராஜாங்கம் அங்கிள் தோட்டத்துப் பக்கம் மண்ணைக் கொட்டி, இடிச்சு கெட்டிப்படுத்தி, நீளமா ஒரு சரிவு போட்டுக் கொடுத்தாரு. மூணு வாரமா அதுலதான் வந்துகினு இருக்கேன்.”

“விழுந்தியா?”

“கையில நாலு தையல் சார். வேற யாராவது தெரியாம ஏறிடுவாங்களேன்னு, நான்தான் அங்கிளை வண்டியைக் குறுக்க நிறுத்தச் சொன்னேன்.”

கலைச்செல்வனுக்கு நிஜமாகவே வெட்கமாகப் போய்விட்டது. இவ்வளவு நடந்தும் தனக்குத் தெரியவில்லையே என்று வருத்தமும் சேர்ந்துகொண்டது.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா? சங்கம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?”

“சொல்லத்தான் சார் போன் பண்ணேன். பேர்கூட கேக்காம, ‘எதுவா இருந்தாலும் நேர்ல வந்து புகார் புத்தகத்துல எழுதுங்க’ன்னு வச்சுட்டீங்க.”

“அது சங்கத்தோட விதிம்மா. வந்து எழுத வேண்டியதுதானே?”

“வந்தேனே சார். அரை மணி நேரம் கீழயே இருந்து கூப்பிட்டுப் பாத்துட்டுத் திரும்பிட்டேன். உங்க ஆபீஸ் மாடியிலதானே இருக்கு!”