இரண்டாம் பூச்சு

ரிமூவர் தடவிய இடத்தில் பெயிண்ட் சுருங்கி எழுந்தது. ஆறின பாலில் ஆடை கட்டுவதுபோல.

அவள் சுவருக்குப் பட்டி பார்க்கும் தகட்டை ஓரத்தில் கொடுத்துத் தள்ளினாள். கறுப்பு சுருண்டு வந்தது.

கறுப்புக்கு அடியில் பச்சை.

பச்சைக்கு அடியில் இன்னொரு கறுப்பு.

இதில் எது அசல் நிறம்? தெரியவில்லை. இரும்பு தெரியும்வரை சுரண்டினாள்.

ஹாலில் நின்ற பழைய வீடியோ கேம் மெஷினிலிருந்து கழற்றியவை இவை. பொத்தான்கள் பதிந்திருந்த சாய்வான தகடு. காசு போடும் கதவு. மேலே கண்ணாடியைப் பிடித்திருந்த இரும்புப் பட்டைகள்.

சனிக்கிழமை மெஷின் இந்த வீட்டை விட்டுப் போகிறது.

கல்யாணமான புதிதில் ஊட்டிக்குப் போயிருந்தபோது, மூடப்போகும் ஒரு கேம் கடையில் பார்த்து அவன் ஆசைப்பட்டு வாங்கியது. ஆரம்பத்தில் இருவரும் ஆடினார்கள். பிறகு அவன் மட்டும். பிறகு அதன் தலைமேல் மடித்த துணிகள் ஏறிக்கொண்டன.

இப்போது அவன் பீளமேட்டில் தனி அறையில் இருக்கிறான். கோர்ட்டில் கடைசிக் கையெழுத்து மட்டும் பாக்கி. ஃபிரிட்ஜ் யாருக்கு, கட்டில் யாருக்கு என்று வக்கீல் முன்னால் பேசினார்கள். மெஷின் அவனுக்கு என்பதில் மட்டும் பேச்சே எழவில்லை.

தூசி துடைத்துக் கொடுக்கலாம் என்றுதான் ஆரம்பித்தாள்.

துடைத்த துணியில் துரு வந்தது. ஒரு திருகைக் கழற்றிப் பார்த்தாள். அப்புறம் இன்னொன்று. நிமிர்ந்தபோது எல்லாமே தரையில் கிடந்தன.

அக்கா போனில் கேட்டாள்.

"அவன் எடுத்துட்டுப் போற சாமானத்துக்கு நீ எதுக்குடி பெயிண்ட் அடிக்கிறே?"

"துருப் புடிச்சிருக்குதுக்கா."

"புடிச்சாப் புடிக்கட்டும்."

அதுவும் சரிதான்.

போனை வைத்துவிட்டு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தாள்.

தேய்க்கத் தேய்க்கக் கோபம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அழுகையும் வரவில்லை. தகட்டின் மூலையில் ஒரு சின்னக் குழி இருந்தது. அதில் துரு போகவே இல்லை. தீக்குச்சி முனையில் உப்புத்தாளைச் சுற்றிக் குடைந்து எடுத்தாள். அது போனபோது, ஏனென்று தெரியாமல், நிம்மதியாக இருந்தது.

மறுபடி துரு ஏறாமலிருக்க ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு. அதன்மேல் ஸ்பிரேயில் மங்கலான கறுப்பு. காய்ந்ததும் மெல்லத் தேய்த்து, மறுபடி கறுப்பு. பால்கனிக் கொடியில், துணி காயும் இடத்தில், கட்டுக்கம்பியில் மாட்டித் தொங்கவிட்டாள்.

எதிர் வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "புதுசா வாங்குனீங்களா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டாள். எதற்கு ஆட்டினோம் என்று அவளுக்கே புரியவில்லை.

சனிக்கிழமை அவன் வந்தான்.

சாவி அவனிடமும் இருந்தது. ஆனால் மணி அடித்தான். செருப்பை வாசலிலேயே விட்டான். ஹாலில் மெஷின் வெறும் மரப்பெட்டியாக நின்றது. முன்பக்கத்து ஓட்டைகள் வழியே ஒயர்கள் தொங்கின.

"தகடெல்லாம் எங்க?"

அவள் பால்கனியைக் காட்டினாள்.

அவன் போய்ப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். குனிந்து அடிப்பக்கமும் பார்த்தான்.

"நீயா அடிச்சே?"

"ம்."

"ஓரத்துலகூட வழியலை."

அவள் கொடியில் கோணலாகத் தொங்கிய ஒரு பட்டையை நேராக்கினாள்.

"எதுக்கு பூரணி?"

அந்தக் கேள்விக்கு அவள் பல நாளாகப் பதில் தேடிக்கொண்டிருந்தாள். உனக்காக என்று சொல்ல முடியாது. எனக்காக என்றும் சொல்ல முடியாது. உன் சாமானை நன்றாகவே வைத்திருந்தேன் என்று காட்டவா? அப்படியும் இருக்கலாம். அப்படி இல்லாமலும் இருக்கலாம்.

"துருப் புடிச்சிருந்துது."

அவன் தலையை ஆட்டினான். அவனுக்குப் புரிந்தது போலவும் இருந்தது. புரியாதது போலவும் இருந்தது.

கீழே மினி லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"சார், ஏத்தீரலாமுங்களா?"

அவன் கொடியிலிருந்து காசுக் கதவை எடுக்கக் கை நீட்டினான்.

"இன்னும் காயலை."

சொன்னது தான்தான் என்று அவளுக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது.

கோடை வெயில். பூசிய அன்று சாயங்காலமே கல்லாகக் காய்ந்துவிட்டிருந்தது.

அவன் கை பாதியில் நின்றது. அவளைப் பார்த்தான். பிறகு கட்டைவிரலைக் கதவின் நடுவில் வைத்தான். அழுத்தினான். எடுத்தான்.

விரலைத் திருப்பிப் பார்த்தான்.

அவளும் பார்த்தாள். விரல் சுத்தமாக இருந்தது.

மறுபடி ஹாரன்.

அவள் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொடியைப் பார்த்தாள். ஏதாவது சொல்வான். சிரிப்பான். அல்லது ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொன்றாகக் கழற்றி எடுப்பான்.

அவன் பால்கனிச் சுவரில் சாய்ந்து கீழே குனிந்தான்.

"பெயிண்ட் இன்னும் காயலைங்ணா."

"மரப்பொட்டிய மட்டுமாச்சும் ஏத்தீரலாமுங்களே சார்?"

அவன் ஹாலில் நின்ற பெட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"வேண்டாங்ணா. எல்லாம் ஒண்ணாவே போகட்டும். நீங்க கெளம்புங்க. நான் கூப்புடறேன்."

"எப்பங்க சார்?"

"காயட்டும்."

லாரி பின்னால் நகர்ந்து, தெருமுனையில் திரும்பிப் போனது. இருவரும் அது போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவள் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

அவன் ஒன்றும் ஒட்டாத கட்டைவிரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.